புருவம் திருத்தல்: ஒரு நூலின் வரலாறு

குண்டலுபேட்டை மூன்று மொழிகள் கூடும் ஊர். கூடலூரிலிருந்து முதுமலை, பந்திப்பூர்க் காடுகளைக் கடந்து வரும் சாலையும், வயநாட்டின் சுல்தான் பத்தேரியிலிருந்து முத்தங்கா வழியாக வரும் சாலையும் இங்கே ஒன்றுசேர்ந்து மைசூரை நோக்கிச் செல்கின்றன. நெடுங்காலம் மைசூர் மாவட்டத்தின் வட்டமாக இருந்த இவ்வூர், 1997இல் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதனோடு சேர்ந்தது. எல்லைப்புறத் தமிழில் உடலுறுப்புப் பெயர்கள் எவ்வாறு வழங்குகின்றன என்று குறிப்பெடுப்பதற்காகச் சில நாள்கள் அங்கே தங்கியிருந்தேன். தலை, நெற்றி என்று இறங்கிவந்த என் சொற்பட்டியல் புருவத்தில் வந்து நின்றுவிட்டது. அதற்குக் காரணம் ஓர் அழகு நிலையத்தில் நான் கேட்ட உரையாடல்.

அது ஒரே ஓர் அறை, இரண்டு நாற்காலிகள் கொண்ட சிறு நிலையம். நடத்துபவர் வந்தவரின் மொழிக்கேற்பக் கன்னடம், தமிழ், மலையாளம் மூன்றிலும் மாறி மாறிப் பேசினார். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகளை ஒரு தமிழ்த் தாய் அழைத்து வந்திருந்தார். மகளுக்குப் புருவங்கள் இரண்டும் நடுவில் சேர்ந்திருந்தன. அந்த நடு மயிரை நீக்கவேண்டும் என்பது அவள் வேண்டுகோள்.

“கிளாஸ்ல எல்லாரும் கேலி பண்றாங்கம்மா.”

“கல்யாணம் வரட்டும், அப்ப பாத்துக்கலாம். இந்த வயசுல எதுக்குடி?”

“நடுவுல மட்டும் எடுத்துவிடறேன்க்கா, ஒண்ணும் தெரியாது” என்றார் நிலையத்தார்.

தாயின் மறுமொழியை நாம் பழமைவாதம் என்று எளிதில் ஒதுக்கிவிடலாம். நானும் அப்போது அப்படித்தான் எண்ணினேன். பின்னர் முகமயிர் நீக்கத்தின் வரலாற்றைப் படித்தபோதுதான், அத்தாய் தாம் அறியாமலே ஆசியாவின் பெரும்பகுதியில் வழங்கிய ஒரு பழைய விதியை உரைத்தார் என்பது விளங்கியது. இக்குறிப்பின் வாதம் ஒன்றே. புருவ மயிரை நீக்கும் நூல் மிகப் பழையது. நீக்கப்படும் மயிர் ஒரு பிழை என்ற எண்ணம் புதியது. இவ்விரண்டுக்கும் இடையில் நாம் தொலைத்தது, எந்த வயதில், யார் விருப்பத்தின்படி என்ற சமூக உடன்பாடு.

முதலில் சொற்கள். தமிழில் புருவம், மலையாளத்தில் புரிகம், கன்னடத்தில் ஹுப்பு (இங்கே பகரத்தை ஒலிப்புடையதாகப் படிக்க). கன்னடச் சொல்லின் பழைய வடிவம் புர்பு. பால் ஹாலு ஆனதும், புலி ஹுலி ஆனதும் போலவே, சொல்முதல் பகரம் ஹகரமாகத் திரிந்தும், நடுவிலிருந்த ரகரம் அடுத்த மெய்யோடு ஒன்றியும் புர்பு ஹுப்பு ஆயிற்று. வடமொழியின் ‘ப்ரூ’ என்பதோடு இச்சொற்களைத் தொடர்புபடுத்துவது அகராதி வழக்கம்.

பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல்லே நம் ஆராய்ச்சிக்குப் பயன் தருவது. தமிழில் நாம் ‘புருவம் திருத்துதல்’ என்கிறோம். இதே ரகர ஒன்றுதலால் கன்னடத்தில் ‘திர்து’ என்பது ‘தித்து’ ஆகியிருக்கிறது. அது நம் ‘திருத்து’ என்பதன் உடன்பிறப்பு. நன்கு வடிவமைந்த புருவத்தைக் கன்னடத்தாரும் ‘தித்தி தீடித ஹுப்பு’ என்பர். திருத்து என்ற வினைக்குத் தமிழில் இரண்டு முகங்கள் உண்டு. நிலம் திருத்துதல், காய்கறி திருத்துதல் என்னும்போது அது பண்படுத்தலையும் பயன்பாட்டுக்கு ஏற்பச் செம்மைசெய்தலையும் குறிக்கும். அங்கே குற்றம் என்ற பொருள் இல்லை. விடைத்தாள் திருத்துதல், பிழை திருத்துதல் என்னும்போதோ ஒரு தவறு முன்பே இருப்பதாகக் கொள்கிறோம். ஒன்பதாம் வகுப்பு மாணவியின் காதில் ‘புருவம் திருத்து’ என்பது எந்தப் பொருளில் விழுகிறது? நாள்தோறும் சிவப்பு மையால் திருத்தப்பட்ட ஏடுகளைப் பார்ப்பவள் அவள். இரண்டாம் பொருளில்தான் விழும் என்பது என் ஐயம்.

நீக்கப்படும் பொருளின் பெயருக்கும் ஒரு வீழ்ச்சி நேர்ந்திருக்கிறது. திருக்குறள் கூச்சமின்றி ஆளும் ‘மயிர்’ என்ற சொல்லை இன்று தமிழர் அவையில் சொல்லத் தயங்குவர். மலையாளத்தில் அது கடுமையான வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. தலையில் இருப்பதை ‘முடி’ என்று காத்துக்கொண்டோம். முகத்திலும் உடலிலும் இருப்பதற்கு இயல்பான சொல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பெயர் சொல்லவே நாணும் ஒன்றைப் பற்றி ஒரு சிறுமி தாயிடம் எவ்வாறு உரையாடுவாள்?

நம் இலக்கிய, கலை மரபில் புருவம் தாழ்ந்த இடத்தில் இருந்ததில்லை. சங்க இலக்கியம் தலைவியை நன்னுதல், ஒண்ணுதல், வாணுதல் என்று நெற்றியைக் கொண்டே அழைக்கிறது. புருவத்துக்கு வில் உவமையாகிறது. பரதரின் நாட்டிய சாத்திரம் புருவத்துக்கு மட்டும் ஏழு அசைவுகளை வகுக்கிறது. இந்தியச் சிற்ப மரபின் உடலமைப்பு பற்றி 1914இல் எழுதிய அபனீந்திரநாத் தாகூர், புருவத்துக்கு வேப்பிலையும் வில்லும் உவமையாக வழங்குவதை எடுத்துக்காட்டினார். இவற்றிலெல்லாம் புருவம் பேசும் உறுப்பு. சினத்தையும் வியப்பையும் காதலையும் அறிவிப்பது. வில் என்ற உவமை வளைவைப் போற்றுகிறதே தவிர, வில்லுக்கு வெளியே நிற்கும் மயிர்களைப் பற்றிக் குறை கூறுவதில்லை.

முகமயிர் பற்றிய நம் வீட்டு மருத்துவம் பெரும்பாலும் மஞ்சளிலேயே அடங்கியது. கஸ்தூரி மஞ்சள், பாசிப்பயற்று மாவு, கோரைக்கிழங்கு என்று அது பூசித் தேய்க்கும் மரபு. இழுத்துப் பறிக்கும் மரபு அன்று. திருமணத்துக்கு முன் நலங்கு வைக்கும்போது முகம் மஞ்சளால் ஒளிபெறும். புருவம் தன் வடிவிலேயே இருக்கும். நூல் கொண்டு மயிர் நீக்கும் கலையின் தடத்தை அறிய நாம் மேற்கே பாரசீகத்துக்கும் கிழக்கே சீனத்துக்கும் செல்லவேண்டும்.

பாரசீகத்தில் இக்கலையின் பெயர் ‘பந்த் அந்தாக்தன்’. பந்த் என்பது நூல், கட்டு என்று பொருள்படும். வடமொழியின் ‘பந்த’ என்பதற்கு இனமானது. நாம் உறவுக்கு வழங்கும் ‘பந்தம்’ அவ்வடமொழிச் சொல்லிலிருந்தே வந்தது. சொல்லுறவு தற்செயலானது, ஆயினும் ஈரானில் நூலும் திருமண பந்தமும் உண்மையிலேயே பிணைந்திருந்தன. மரபுவழி ஈரானியச் சமூகத்தில் மணமாகாத பெண் முகமயிரையோ புருவத்தையோ எடுப்பதில்லை. திருமணத்துக்குச் சற்று முன் பெண்கள் கூடி, பாட்டும் இனிப்புமாக, மணமகளின் முகத்தில் முதன்முறை நூலோட்டுவர். அதற்கெனத் தேர்ந்த பெண்கள் இருந்தனர். ஆகவே ஒரு பெண்ணின் புருவத்தைப் பார்த்தே அவள் மணமானவளா என்று ஊர் அறிந்துகொள்ளும். திருத்திய புருவம் அங்கே அழகுக் குறியாக மட்டும் இருக்கவில்லை. தாலியைப் போல நிலைக்குறியாகவும் இருந்தது.

அந்நாட்டிலேயே அழகின் அளவுகோல் எவ்வளவு மாறியது என்பதையும் காணவேண்டும். அஃப்சானே நஜ்மாபாதி 2005இல் வெளியிட்ட ஆய்வு நூல், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கஜார் அரசுக் காலத்தில் பெண்ணின் மேலுதட்டில் அரும்பும் மெல்லிய மயிர் அழகாகக் கொண்டாடப்பட்டதை எடுத்துரைக்கிறது. அக்கால ஓவியங்களில் ஆண், பெண் இருபாலரின் புருவங்களும் நடுவில் கூடியிருக்கின்றன. இயல்பில் கூடாதவர்கள் மை தீட்டிக் கூட்டிக்கொண்டனர். குண்டலுபேட்டைச் சிறுமியை வகுப்பில் கேலிக்குள்ளாக்கிய அதே கூட்டுப்புருவம், சில தலைமுறைகளுக்கு முன் தெகரான் அரண்மனையில் மை கொண்டு வரையப்பட்டது!

சீனத்தின் தென்பகுதியிலும் இதே நூல் இதே வாயிலில் நின்றது. அங்கே இச்சடங்கின் பெயருக்கு ‘முகம் திறத்தல்’ என்று பொருள். திருமணத்துக்கு முன் முகத்தில் மாவு பூசி, முறுக்கிய பருத்தி நூலால் மென்மயிரை அகற்றுவர். அதைச் செய்பவர் கணவனும் மக்களும் நலமாக வாழும் மூத்த பெண்ணாக இருக்கவேண்டும். நம் நலங்குக்குச் சுமங்கலிகளை அழைக்கும் வழக்கத்தோடு இது எவ்வளவு நெருங்கி நிற்கிறது!

ஜப்பானில் வாயில் திருமணம் அன்று, பருவம் எய்தல். ஹெய்யன் கால உயர்குடிப் பெண்கள் வயதுக்கு வந்ததும் புருவத்தை முழுவதும் பறித்துவிட்டு, நெற்றியில் சற்று மேலே மையால் புதுப் புருவம் தீட்டிக்கொண்டனர், பற்களையும் கறுப்பாக்கிக்கொண்டனர். இதற்கு உடன்படாத ஒரு பதின்ம வயதுப் பெண்ணை அக்கால இலக்கியமே நமக்குக் காட்டுகிறது. ‘பூச்சிகளை நேசித்த பெண்’ என்று பொருள்படும் சிறுகதையின் நாயகி, கம்பளிப்புழுக்களை வளர்த்து, அவை எவ்வாறு பட்டாம்பூச்சி ஆகின்றன என்று ஆராய்பவள். புருவம் பறிக்க மறுக்கிறாள். பணிப்பெண்கள் அவள் புருவத்தையே கம்பளிப்புழு என்று நகைக்கின்றனர். மனிதர் எதையும் இயற்கையாக விட்டுவிடவேண்டும் என்பது அவள் கொள்கை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழைய கேலி; ஆயிரம் ஆண்டுப் பழைய மறுப்பு. அவ்வழக்கம் ஜப்பானிய உயர்குடியில் அரசு ஆணையால் தடைபெற்றது 1870இல்தான்.

இம்மூன்று நாடுகளிலும் பொதுவாக இருப்பது ஒரு வாயில். முகமயிர் நீக்கம் வாழ்வின் ஒரு கட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதன் அடையாளம். அதில் கட்டாயம் இருந்தது; அதை நான் போற்றவில்லை. ஆனால் அவ்வாயிலைக் கடக்குமுன் இருந்த மயிரை எவரும் குறையாகக் கருதவில்லை. சிறுமி சிறுமியாகவே இருந்தாள்.

குறை என்ற எண்ணம் வந்த வழி வேறு. டார்வினின் ‘மனிதனின் வழிவந்தமை’ 1871இல் வெளிவந்த பின், உடல்மயிர் விலங்குநிலையின் எச்சம் என்ற பார்வை மேலை நாடுகளில் பரவியது. பெண்ணின் முகமயிர் மருத்துவர் ஆராயும் ‘நோய்’ ஆனது. இமைமயிர் உள்நோக்கி வளர்ந்து விழியை உறுத்தும் துன்பத்துக்குத் தீர்வாக, 1875இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரக் கண் மருத்துவர் சார்லஸ் மிசெல் மின்னூசி கொண்டு மயிர்வேரை அழிக்கும் முறையை அறிவித்தார். கண்ணைக் காக்கப் பிறந்த அம்முறை விரைவில் முகம் திருத்தும் தொழிலாயிற்று. 1920களில் அந்நாட்டு நிலையங்கள் ஊடுகதிரைப் பாய்ச்சி மயிர் உதிர்த்தன. பின்னாளில் அப்பெண்களுக்குத் தோல் வடுக்களும் புற்றுநோயும் வந்தன. 1930களின் தொடக்கத்தில் கோரெம்லு என்ற களிம்பு விற்பனைக்கு வந்தது. அதிலிருந்தது எலி நஞ்சாகப் பயன்பட்ட தாலியம். பூசியவர்களுக்கு நரம்புகள் தளர்ந்தன, பார்வை கெட்டது. மயிரைவிட நாணமே அதிகம் கொன்றது என்று சொல்லத் தோன்றுகிறது.

இந்தியாவில் இக்கலை கடைத்தெருவுக்கு வந்ததில் கல்கத்தாவின் சீனப் பெண்களுக்குப் பெரும்பங்குண்டு. அவர்கள் நடத்திய முடிதிருத்த, அழகு நிலையங்கள் பம்பாய், பெங்களூர், சென்னை ஆகிய நகரங்களிலும் பெயர்பெற்றிருந்தன. 1970களில் ஷானாஸ் ஹுசைன் தில்லியில் தொடங்கிய மூலிகை நிலையம், நடுத்தரக் குடும்பப் பெண்கள் வெட்கமின்றிச் செல்லும் இடமாக இத்தொழிலை மாற்றியது. 1994இல் ஒரே ஆண்டில் உலக அழகி, பிரபஞ்ச அழகி என்ற இரு பட்டங்களும் இந்தியாவுக்கு வந்தன. 2000இல் சென்னையில் நேச்சுரல்ஸ் தொடங்கியது. சிற்றூர்களில் வீட்டின் முன்னறையே நிலையமாகியது. ஓர் இழை நூலும் ஒரு கண்ணாடியும் போதும் என்பதால் பெண்கள் சிறு முதலில் தொடங்கத்தக்க தொழிலாக இது இருந்தது. இதன் பொருளியல் சிறப்பை நாம் மறுக்கலாகாது.

தெற்காசியப் பெண்கள் இந்நூலை அமெரிக்காவுக்கும் கொண்டுசென்றனர். அங்கே டெக்சாஸ் மாநிலம், நூலோட்டுபவரும் 750 மணிநேர அழகுக்கலைப் பயிற்சி பெறவேண்டும் என்று விதித்தது. அப்பயிற்சியின் கணிசமான பகுதி நூலுக்குத் தொடர்பற்றது. படேல் எதிர் டெக்சாஸ் என அறியப்படும் வழக்கில் அம்மாநில உச்ச நீதிமன்றம் 2015இல் அவ்விதியைச் செல்லாது என்றது. பாட்டியிடமிருந்து பேத்தி கற்ற ஒரு கைவினை, அரசமைப்புச் சட்ட வழக்காகவே ஆகிவிட்டது.

இவ்வாறு சடங்கு கழன்று நூல் மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்தது. அதனோடு வாயிலும் மறைந்தது. சடங்கில் ‘எப்போது’ என்ற கேள்விக்கு ஊரே விடை வைத்திருந்தது. விலைப்பட்டியலில் அக்கேள்விக்கு இடமில்லை. அழகு நிலையத்தில் அத்தாயும் மகளும் வாதிட்டது இந்த வெற்றிடத்தில்தான். தாய் பழைய வாயிலைச் சுட்டினார். மகளுக்கோ வகுப்பறையின் கேலி புதிய சட்டமாக இருந்தது.

அச்சட்டம் எவ்வளவு கொடியது என்பதை 2024 ஏப்ரலில் கண்டோம். உத்தரப் பிரதேச மாநிலப் பத்தாம் வகுப்புத் தேர்வில் 600க்கு 591 மதிப்பெண் பெற்று முதலிடம் வந்த மாணவியின் ஒளிப்படம் வெளியானதும், அவர் முகமயிரைக் குறித்துச் சமூக ஊடகங்களில் ஆயிரக்கணக்கானோர் எள்ளி நகையாடினர். ஆதரவாக எழுந்த குரல்களும் பல. அதற்கிடையே ஒரு சவரக்கத்தி நிறுவனம், அவர் பெயரைச் சொல்லி ஆறுதல் கூறுவதுபோல் நாளிதழில் விளம்பரமும் கொடுத்தது. அவர் பெயரை மீண்டும் எழுதி அத்துன்பத்தை நீட்டிக்க நான் விரும்பவில்லை. விடைத்தாளில் திருத்துவதற்கு ஏதுமில்லாதவரிடம், முகத்தில் திருத்தச் சொன்னது நம் சமூகம்.

இங்கே மருத்துவம் கூறுவதையும் அறிந்துகொள்வது நலம். பெண்ணின் உடலில் மிகை மயிர்வளர்ச்சியை அளக்க மருத்துவர் பயன்படுத்தும் ஃபெரிமன்–கால்வே அளவீடு 1961இல் உருவானது. மேலுதடு, மோவாய் முதலிய இடங்களை அது கணக்கில் கொள்கிறது. புருவம் அதில் இல்லவே இல்லை. மோவாயில் திடீரெனக் கரடுமுரடான மயிர் வளர்வதும் மாதவிடாய் தவறுவதும் சேர்ந்தால் மருத்துவரைக் காணவேண்டும். கூட்டுப்புருவம் பெரும்பாலும் குடும்ப வழி வரும் இயல்பு. தாய், தந்தை, அத்தை முகங்களை ஒருமுறை உற்று நோக்கினால் போதும்.

ஆயினும் ஓர் இளம்பெண்ணோ பையனோ நீக்கத்தான் விரும்பினால்? (பையன்களும் கேட்கிறார்கள், கேட்கத்தான் கூடுதலாக வெட்கப்படுகிறார்கள்.) விரும்புவது குற்றமன்று. சிறு கத்தரியால் நீண்ட மயிரின் நுனியை வெட்டுவதே மிக எளியது, தவறினாலும் வளர்ந்துவிடும். நடுவில் உள்ள சில மயிர்களுக்குச் சிமிட்டா போதும். நிலையத்தில் நூலோட்டுவதானால் புது நூலும் கழுவிய கையும் கேட்டுப் பெறவேண்டும். நூல்முனையைப் பல்லில் கடிக்காமல் கழுத்தில் மாட்டிச் செய்பவரே மேல். முகப்பருவுக்கு ரெட்டினாய்டு வகைக் களிம்போ மாத்திரையோ எடுப்பவர்கள் மெழுகைத் தவிர்க்கவேண்டும், தோலே உரிந்துவிடும். மயிர் நீக்கும் களிம்பு கண்ணருகே ஆகாது. லேசர் கதிர் புருவத்துக்குக் கீழே, கண்குழியின் எல்லைக்குள் படலாகாது. கருவிழிப்படலம் புண்பட்ட நேர்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. மழித்தால் அடர்த்தியாக முளைக்கும் என்ற அச்சத்துக்கு அடிப்படையில்லை என்பதை உடற்கூற்றியலாளர் மில்ட்ரெட் ட்ராட்டர் 1928இலேயே ஆய்ந்து காட்டினார். ஆனால் ஆண்டுக்கணக்கில் வேரோடு பறித்தால் சில இடங்களில் மயிர் திரும்ப வராமற்போகலாம். பதினான்கு வயதில் மெலிதாக்கிய புருவத்தோடு நாற்பது வயதிலும் வாழவேண்டியிருக்கும் என்பதை மட்டும் அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

தாய்மார்களும் ஆசிரியர்களும் கேட்கவேண்டிய கேள்வி ‘எத்தனை வயதில்’ என்பதைவிட, ‘இது யாருடைய விருப்பம்’ என்பதே என்று கருதுகிறேன். கண்ணாடியில் தன்னைப் பார்த்து அவளாகவே விரும்பினால், நடுவில் நான்கு மயிர் போவதால் பண்பாடு குலைந்துவிடாது. வகுப்பின் கேலிக்கு அஞ்சி விரும்பினால், நூல் ஓடவேண்டிய இடம் அவள் முகமன்று. அங்கே திருத்தப்படவேண்டியது வகுப்பறை.

குண்டலுபேட்டையில் அன்று தாய் கடைசியில் இசைந்தார். நிலையத்தார் சொன்னபடியே நடுவில் மட்டும் நூலோட்டினார். சில நிமிடங்களில் முடிந்தது. சிறுமி கண்ணாடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தாயின் முகத்தைப் பார்த்தாள். தாய்க்கும் புருவங்கள் நடுவில் கூடியிருந்தன என்பதை நானும் அப்போதுதான் கவனித்தேன். அவளுக்கு அது முன்பே தெரிந்திருக்கும்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலும் வீட்டிலும் இச்செயலுக்கு வழங்கும் வினைச்சொல் எது? எடுத்தல், திருத்தல், செதுக்குதல், ஒழுங்குசெய்தல் எதுவாயினும் எழுதுங்கள். உங்கள் பாட்டி அதற்கு என்ன சொல்வார் என்று கேட்டு எழுதினால் இன்னும் நன்று. குற்றம் சொல்லாத ஒரு சொல் நம் வட்டார வழக்குகளில் எங்கேனும் மிஞ்சியிருக்கும் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு.